பஞ்சுத் தூசியும் கொம்பிரசர் காற்றும்



நற்பிட்டிமுனையில் ஒரு வீட்டு விறாந்தையில் நான்கு பெண்கள் சேர்ந்து பஞ்சு விரிப்புத் தைக்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் கழியும் வெட்டுத் துண்டுகளைக் கிலோக் கணக்கில் வாங்கி, நிறம் பார்த்துப் பொருத்தி, மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பொலியெஸ்டர் பஞ்சு என்று வைத்து, மூன்றையும் சேர்த்து வரிவரியாகத் தைத்து எடுப்பார்கள். ஆங்கிலத்தில் இதைக் குயில்டிங் என்கிறார்கள். பெயர்தான் புதிது. பழைய சேலையை நாலாக மடித்து, நூலோட்டி, பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய அம்மம்மாமாரும் மூத்தம்மாமாரும் செய்தது இதே வேலைதான். வங்காளத்துப் பெண்கள் அதைக் காந்தா என்பார்கள்.

அந்த வீட்டிலிருந்து ஒரு நாள் காலையில் தொலைபேசி வந்தது.

"டீச்சர், மெசின் இறுகிப் போய் இரிக்கி. சக்கரம் அசையுதில்ல. வியாழக்கிழமைக்குள்ள ஆறு விரிப்புக் குடுக்கணும். கடக்காரர்ட அட்வான்சும் வாங்கிட்டன்."

பேசியவர் அந்தக் குழுவில் மூத்தவர். எல்லோரும் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். போரில் கணவரை இழந்து, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடற்கரையோர வீட்டையும் இழந்து, பிறகு உள்ளே நற்பிட்டிமுனைக்கு வந்து குடியேறியவர். அந்த மெசின் 2005 இல் வாழ்வாதார உதவியாகக் கிடைத்தது. கறுப்புத் தலை, மரப் பலகை, இரும்பு மிதி. மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு அந்த மிதியிலிருந்துதான் வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது ராத்தா கைச்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். உடனே விடச் சொன்னேன். இறுகிய மெசினைப் பலம் கொண்டு திருப்பினால் உள்ளே ஏதாவது முறியும். பிறகு நடந்ததைக் கேட்டேன்.

நாலைந்து நாட்களாகத் தையல் தவறித் தவறி விழுந்திருக்கிறது. துணியின் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கியிருக்கிறது. தூசி அடைத்துவிட்டது என்று ராத்தா சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். மகன் மெசின் தலையைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டி, டயர் ஒட்டும் கடைக்குக் கொண்டுபோய், கொம்பிரசரில் காற்றடித்துக்கொண்டு வந்திருக்கிறான். வெள்ளைப் புகை மாதிரிப் பஞ்சுத் தூசி பறந்ததாம். கடைக்காரக் காக்கா காசும் வாங்கவில்லையாம். அன்று மெசின் நன்றாக ஓடியது. அடுத்த நாள் பின்னேரம் மிதி கனத்தது. மூன்றாம் நாள் நின்றுவிட்டது.

"கார்மென்ட்சில இப்படித்தானே டீச்சர் செய்வாங்க?" என்று கேட்டது குழுவில் இளையவளான தங்கச்சி. அவள் நான்கு வருடம் கொழும்புப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவள். கட்டுநாயக்க வர்த்தக வலயம் 1978 இல் தொடங்கிய பிறகு நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பெண்கள் இந்த வேலைக்குப் போனார்கள். போர் முடிந்த பிறகு எங்கள் பக்கத்திலிருந்தும் பலர் போனார்கள். வேலை முடிகிற நேரம் எயார் கன்னை எடுத்து மெசினுக்கு ஒரு தடவை காற்றடிப்பது அவர்களுக்குக் கைப்பழக்கம்.

நியாயமான கேள்வி. இம்மாதப் பக்கம் முழுவதும் அந்தக் கேள்விக்குத்தான்.

முதலில் மெசினுக்குள் என்ன கண்டோம் என்று சொல்கிறேன். தலையைப் பின்னுக்குச் சரித்து வைத்துவிட்டு ஊசித்தட்டைக் கழற்றினோம். மேலே பளிச்சென்று இருந்தது. துணியை இழுக்கும் பற்களுக்கிடையில் ஒரு தூசி இல்லை. அதைப் பார்த்து ராத்தாவுக்கே குழப்பம். பிறகு பொபின் கேஸை எடுத்து, சட்டிலைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றினோம். அதன் பின்னால் இருந்தது அவ்வளவும். பஞ்சு, நூல் துண்டு, பழைய எண்ணெய் எல்லாம் சேர்ந்து, இடித்து இறுக்கிய தும்பு மாதிரி. ஒரு நூல் சட்டிலைச் சுற்றி இரண்டு சுற்று. அடியில் நீளமாக ஓடும் தண்டின் இரண்டு முனைகளிலும் எண்ணெய் காய்ந்துபோய், மண்ணிறப் பசை. தொட்டுப் பார்த்தால் ஈரம். கம்பியில் துருவின் முதல் புள்ளிகள்.

காற்று தூசியை அள்ளிக்கொண்டு போவதில்லை, தள்ளிவிடுகிறது. வெளியே வழி இருந்தால் வெளியே போகும், வழி இல்லாவிட்டால் உள்ளே போகும். தையல் மெசினின் மேல்பக்கம் திறந்தது, உள்பக்கம் மூடியது. மேலிருந்து பலமாக அடித்தால், பறந்தது கண்ணுக்குத் தெரியும், உள்ளே போனது தெரியாது. அத்தோடு அந்தக் காற்று, இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் நாங்கள் விட்ட எண்ணெயையும் ஊதித் தள்ளிவிடும். எண்ணெய் இல்லாத இடத்தில் பஞ்சு போய் உட்கார்ந்தால் மெசின் இறுகாமல் என்ன செய்யும்?

ஈரம் எங்கிருந்து வந்தது? ஐஸ் தண்ணீர் கிளாஸின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் எப்போதும் நீராவி இருக்கிறது. எங்கள் பக்கம் கிழக்கே கடல், மேற்கே வயல், கேட்கவே வேண்டாம். டயர் கடைக் கொம்பிரசர் 100 இறாத்தல் அழுத்தத்தில் நிற்கும்போது, ஏறக்குறைய எட்டுப் பங்கு இடத்துக் காற்றை ஒரு பங்கு இடத்தில் அடைத்து வைத்திருக்கிறது. அந்த எட்டுப் பங்கின் நீராவியும் அதே தாங்கிக்குள். காற்று ஆறியதும் அது தண்ணீராகி அடியில் தேங்கும். அதற்காகத்தான் தாங்கியின் கீழே ஒரு சின்னத் திருகு வால்வு வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்தால் துரு நிறத்தில் தண்ணீர் வரும். நாளாந்தம் திறந்துவிட வேண்டும். கொம்பிரசருக்கு விட்ட எண்ணெயிலும் கொஞ்சம் காற்றோடு கலந்து வரும்.

டயருக்குள் நாலு துளி தண்ணீர் போனால் ஒன்றும் ஆகாது. அதனால் டயர் கடைக்காரருக்கு அது ஒரு பிரச்சினையே அல்ல. குற்றம் அந்தக் காக்காவில் இல்லை, அவர் உதவிதான் செய்தார். ஒழுங்காக நடக்கும் தொழிற்சாலையில் கதை வேறு. அங்கே காற்றை உலர்த்தும் கருவி, தண்ணீரைப் பிரிக்கும் கிண்ணம், அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு எல்லாம் தாண்டித்தான் எயார் கன்னுக்குக் காற்று வருகிறது. மெசினைக் கழற்றித் துப்புரவு செய்து எண்ணெய் பார்க்கவும் மெக்கானிக் இருக்கிறார். எங்கள் தங்கச்சி கண்டது எயார் கன்னை மட்டும். பின்னால் இருந்ததை அவளுக்கு யாரும் காட்டவில்லை.

அவளிடம் இன்னொன்றும் கேட்டேன். வேலை முடிந்ததும் உடுப்பில் ஒட்டிய பஞ்சையும் அதே காற்றால் ஊதிவிடுவீர்களா என்று. சிரித்தாள். "ஓம் டீச்சர், தலைமுடியையும்."

சகோதரிகளே, இதை மட்டும் செய்யாதீர்கள். மெசின் பழுதானால் திருத்தலாம். பலமான காற்று ஒரு சின்ன நூல் துண்டையோ முறிந்த ஊசி நுனியையோ கண்ணுக்குள் ஏற்றினால் கண் போய்விடும். காதுக்கு அருகே அடித்தால் செவிப்பறை கிழியலாம். கையில் ஒரு வெட்டுக்காயம் இருந்து அதில் நேரே பட்டால் காற்று தோலுக்கடியில் புகுந்துவிடும், இரத்தத்தில் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. விளையாட்டாக ஒருவர் உடம்பில் மற்றவர் காற்றுக் குழாயை வைத்து, குடல் கிழிந்து இறந்துபோன சம்பவங்கள் இந்தியாவில் பல தடவை செய்தியாக வந்திருக்கின்றன. இறந்தவர்களில் சிறுவர்களும் உண்டு. டயர் கடைக்கு மெசினைக் கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் பையன்கள்தான். அவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். அமெரிக்காவில் துப்புரவு வேலைக்கு அழுத்தக் காற்றைப் பாவிப்பதானால் 30 இறாத்தலுக்குக் குறைவாக இருக்க வேண்டும், தெறிப்பதைத் தடுக்கும் மறைப்பும் கண்ணாடியும் வேண்டும் என்று சட்டவிதி இருக்கிறது. 30 இறாத்தல் என்பது மோட்டார் சைக்கிள் டயருக்கு அடிக்கிற அளவு. கடைத் தாங்கியில் நிற்பது அதைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

பிறகு நெஞ்சு. பஞ்சாலைகளில் நெடுங்காலம் வேலை செய்தவர்களுக்குப் பிசினோசிஸ் என்று ஒரு நெஞ்சு நோய் வருவதை வைத்தியர்கள் அறிவார்கள். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். வருடக்கணக்கில் போனால் அது நிரந்தரமாகிவிடும். இதற்காகவே 1978 இல் அமெரிக்காவில் பருத்தித் தூசி பற்றித் தனியாக ஒரு விதி கொண்டுவந்தார்கள். அதில், வேறு வழி இருக்கும்போது காற்றடித்துத் துப்புரவு செய்யக் கூடாது, அடித்தே ஆகவேண்டுமானால் அடிப்பவர் சுவாசக் கவசம் போட வேண்டும், மற்றவர்கள் அந்த இடத்தை விட்டு வெளியே போக வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். வீட்டில் விரிப்புத் தைக்கிற எங்களுக்கு ஆலைத் தொழிலாளியின் அளவு தூசி இல்லை, எங்கள் பஞ்சும் பெரும்பாலும் பொலியெஸ்டர். பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் தொழிற்சாலையில் "மற்றவர்கள் வெளியே போங்கள்" என்று சொல்லலாம். எங்கள் விறாந்தையில் மெசினுக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருப்பது பிள்ளை. அடுப்படியில் இழுப்பு வருத்தக்காரி மாமி. அவர்கள் எங்கே போவார்கள்?

சரி, காற்று இல்லாமல் எப்படித் துப்புரவு செய்வது?

தேவையானவை எல்லாம் கல்முனைக் கடைத்தெருவிலும் உங்கள் முற்றத்திலும் இருக்கின்றன. அரை அங்குலப் பெயின்ட் பிரஷ் ஒன்று, பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று, பொருத்தமான ஸ்குரூ டிரைவர், மெசின் எண்ணெய், பழைய பருத்தித் துணி, நாலைந்து தென்னை ஈர்க்கு. இடுக்குகளில் கிண்டுவதற்கு ஈர்க்கைவிட நல்ல ஆயுதம் எந்தக் கம்பனியும் செய்யவில்லை. ஊசியாலோ கம்பியாலோ கிண்டினால் சட்டிலில் கீறல் விழும், அந்தக் கீறலில் நூல் சிக்கி அறுந்துகொண்டே இருக்கும்.

மிதி மெசினானால் வாரைக் கழற்றுங்கள். கறண்ட் மெசினானால் பிளக்கையே இழுத்துவிடுங்கள். ஊசியையும் பாதத்தையும் கழற்றி ஒரு சிரட்டையில் போட்டு வையுங்கள், திருகாணிகளும் அதற்குள்ளேயே. ஊசித்தட்டின் இரண்டு திருகாணிகளையும் கழற்றினால் பற்கள் தெரியும். அங்கே பஞ்சு அடைத்து அட்டை மாதிரி இறுகியிருக்கும். விரிப்புத் தைக்கிறவர்களுக்கு இது சாதாரண சட்டை தைப்பவர்களைவிடப் பல மடங்கு. ஏனென்றால் ஊசி மூன்று அடுக்கையும் குத்தி மேலே வரும் ஒவ்வொரு தடவையும் நடுவில் இருக்கும் பஞ்சில் கொஞ்சத்தை இழுத்துக் கீழே விடுகிறது. ஈர்க்கால் கிளப்பி, பிரஷால் உங்கள் பக்கம் இழுத்து எடுங்கள். வெளியே இழுக்க வேண்டும், உள்ளே தள்ளக் கூடாது. பிரஷைத் துணியில் துடைத்துத் துடைத்துச் செய்யுங்கள்.

பிறகு சட்டில். பலர் பயந்து தொடாத இடம் இதுதான். கறுப்புத் தலை மெசினில் பொபின் கேஸை எடுத்தால் ஒரு வளையமும் அதைப் பிடித்திருக்கும் இரண்டு சின்னக் கொளுக்கிகளும் தெரியும். கொளுக்கிகளை இரண்டு பக்கமும் விலக்கினால் வளையம் கையில் வரும், அதன் பின்னால் சட்டிலும் வரும். கழற்றும்போது எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று நன்றாகப் பார்த்து வையுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் ஒரு படம் எடுங்கள், இல்லாவிட்டால் ஒரு கடதாசியில் கீறுங்கள். உள்ளே இருக்கும் வட்டப் பாதையைத் துணியால் துடைத்து, ஒரு துளி எண்ணெய். அவ்வளவுதான். ஒற்றை நூல் துண்டு அங்கே கிடந்தாலும் மெசின் கடகடவென்று சத்தமிடும்.

மேலே நூலை இறுக்கும் இரண்டு தட்டுகளை மறக்க வேண்டாம். பாதத்தைத் தூக்கினால்தான் அந்தத் தட்டுகள் விரியும். விரிந்ததும் ஒரு மெல்லிய துணியின் ஓரத்தை இடையில் விட்டு இழுங்கள். அடியில் நூல் வளையம் விழுகிறது என்றவுடன் எல்லோரும் பொபின் கேஸின் சின்னத் திருகாணியைத்தான் திருகுகிறார்கள். பெரும்பாலும் பிழை அங்கே இல்லை. மேல் தட்டுகளுக்கிடையில் பஞ்சு சிக்கி அவை மூடாமல் நிற்கும். ராத்தாவின் மெசினில் தொடக்கத்தில் இருந்த பிழையும் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். அன்றே ஒரு துணித்துண்டை இழுத்திருந்தால் சைக்கிளில் கட்டியே இருக்க வேண்டாம்.

எண்ணெய் விடுவது கடைசி வேலை. தூசியை எடுக்காமல் எண்ணெய் விட்டால் அது களியாகிவிடும். துளை ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி, இரண்டு துளி, அதற்கு மேல் வேண்டாம். நாள் முழுக்கத் தைக்கிறவர்கள் நாளுக்கொரு தடவை விட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது நாளடைவில் தடித்து, பிசின் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஏற்கெனவே பிடித்துவிட்டால் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிக் கரைத்து, துடைத்துவிட்டுப் பிறகு மெசின் எண்ணெய் விடுங்கள். அடுப்புக்கும் விளக்குக்கும் தூரமாக வைத்துத்தான். எண்ணெய் விட்ட பிறகு கழிவுத் துணியில் சிறிது நேரம் தைத்துப் பாருங்கள். மிச்ச எண்ணெய் அதில் வந்துவிடும், வாடிக்கையாளரின் வெள்ளை விரிப்பில் வராது.

ஜூக்கி போன்ற பெரிய மெசின் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விடயம். சுவிட்சை நிறுத்திய பிறகும் பழைய மாதிரி மோட்டார் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரம் மிதியில் கால் பட்டால் ஊசி இறங்கும், விரலில் இறங்கினால் எலும்பு வரை போகும். சத்தம் முழுதாக அடங்கும் வரை கை வைக்காதீர்கள். அடுத்தது, அந்த மெசின் தலைக்கு அடியில் எண்ணெய்த் தட்டு ஒன்று இருக்கிறது. மேலிருந்து காற்றடித்தால் பஞ்சு முழுவதும் அந்த எண்ணெயில் விழுந்து, எண்ணெயை மேலே ஏற்றும் பம்பின் வலையை அடைக்கும். மெசின் எண்ணெய் இல்லாமல் ஓடுவது உங்களுக்குத் தெரியவே தெரியாது, சூடாகி நிற்கும்போதுதான் தெரியும். கொம்பியூட்டர் தையல் மெசின்களுக்குச் சில கம்பனிகள் தங்கள் கைநூலிலேயே அழுத்தக் காற்று பாவிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கின்றன.

அப்படியானால் கொம்பிரசரே கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். ஓவர்லொக் மெசினில் கத்தி துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே போவதால் தூசி மலையாகக் குவியும். அங்கே பிரஷ் போகாத மூலைகள் பல. மோட்டாரின் வெளிப்பக்கக் காற்றுத் துளைகளும் அப்படித்தான். அவற்றுக்குக் காற்று உதவும். ஆனால் முதலில் மூடிகளையெல்லாம் கழற்றி, பிரஷால் எடுக்கக்கூடியதை எடுத்துவிட வேண்டும். கடைக்காரரிடம் தாங்கித் தண்ணீரை இறக்கிவிடச் சொல்லி, அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லி, குழாயை முதலில் ஒரு வெள்ளைத் துணியில் அடித்துப் பாருங்கள். துணி நனைந்தாலோ எண்ணெய்ப் புள்ளி விழுந்தாலோ மெசினைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். நனையாவிட்டால், ஓரடி தூரத்தில் பிடித்து, பக்கவாட்டாக, தூசி வெளியே போகும் திசையில், விட்டு விட்டு அடிக்கலாம். கண்ணாடி போட்டு, வாய் மூக்கை மறைத்து, முந்தானையை அல்லது முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு. முடிந்ததும் கட்டாயம் எண்ணெய்.

வீட்டில் சைக்கிள் பம்பு இருந்தால் அதுவே போதுமான கொம்பிரசர் என்பது என் அபிப்பிராயம். ஒருவர் பம்பை அடிக்க, ஒருவர் குழாயைப் பிடிக்க, புஸ் புஸ் என்று சின்னக் காற்று வரும். தேங்கிய தண்ணீர் இல்லை, கறண்ட் பில் இல்லை. மருதமுனையில் கைத்தறி நெய்யும் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், நூல் தூசியை அவர்கள் எங்களைவிட அறிவார்கள். தறிக்கு யாரும் கொம்பிரசர் வைப்பதில்லை. துடைப்பும் பொறுமையும்தான்.

இன்னொரு விடயம், அன்று அந்த விறாந்தையில் தற்செயலாக வந்தது. குழுவில் நாலாவது ஒரு தமிழ்ச் சகோதரி. மெசினைக் கடைக்குக் கொண்டுபோன அன்று அவரும் கூடப் போனவராம். ஆனால் கடைக்குள் போகாமல் தெருவுக்கு மறுபக்கம் நின்றுவிட்டாராம். "அந்தச் சத்தம் கேட்டா எனக்குக் கை கால் விறைச்சிடும் அக்கா" என்றார், தைத்துக்கொண்டே, தலை நிமிராமல். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. தாங்கி நிறைந்ததும் மோட்டார் நிற்கும்போது குழாயில் மிஞ்சிய காற்றை ஒரு வால்வு சட்டென்று வெளியே விடும். அந்த "டஃப்" சத்தம் முன்னறிவித்தல் இல்லாமல் வரும். ஏன் வருகிறது என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். விளங்கியது என்றார். இருந்தாலும் போகமாட்டேன் என்றார். நியாயம்தான். கூட்டாகச் சேர்ந்து கொம்பிரசர் வாங்கலாமா என்று யோசிக்கும் சங்கங்கள் விலையை மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். உங்களில் ஒருவருக்காவது இப்படி இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். அந்தக் காசுக்கு எத்தனையோ பிரஷும் எண்ணெயும் ஒரு நல்ல ஸ்குரூ டிரைவர் செட்டும் வாங்கலாம்.

ஸ்குரூ டிரைவர் என்றதும் ஞாபகம் வருகிறது. என் பயிற்சி வகுப்பில் ஒரு மூத்த அம்மா இருந்தார். 1990 யூன் மாதத்துக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் வீடுகளை விட்டு ஓடிய நாட்களில், அவர் மெசின் தலையை மட்டும் கழற்றி, சாக்கில் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாராம். மிதியும் பலகையும் போய்விட்டன. தலை இருந்தது, அதை வேறொரு பலகையில் பூட்டித் தைத்தார். "தலையைக் கழற்றத் தெரிஞ்சிருந்திச்சு, அதால கொண்டு போனன்" என்பார். சிங்கர் தன் மெசினுக்குக் காப்புரிமை பெற்றது 1851 இல், இலங்கையில் வியாபாரம் தொடங்கியது 1877 இல். அன்றிலிருந்து எத்தனையோ தலைமுறைப் பெண்கள் கறுப்புத் தலை மெசினின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அதை உட்கார்ந்து மிதிப்பது பெண் வேலை, திறந்து பார்ப்பது ஆண் வேலை என்று யார் சொன்னார்களோ தெரியாது. திருகாணிக்கு ஆண் பெண் தெரியாது.

ராத்தாவின் மெசினுக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. பசையை மண்ணெண்ணெயில் கரைத்தோம். துருப் புள்ளிகளை எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தோம். சட்டிலைச் சுற்றிய நூலை அறுத்து எடுத்தோம். கழற்றியது நான் அல்ல. நான் பக்கத்தில் இருந்து சொன்னேன், ராத்தா கழற்றினார், தங்கச்சி சிரட்டையைப் பிடித்தாள். திரும்பப் பூட்டும்போது சட்டிலை ஒரு தடவை பிழையாக வைத்து, சக்கரம் பாதியில் நிற்க, "யா அல்லாஹ்" என்று ராத்தா கையை எடுத்துவிட்டார். தங்கச்சி தொலைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினாள். அதைப் பார்த்துத் திருப்பி வைத்தார். சக்கரம் ஒரு விரலால் சுற்றியது.

கழிவுத் துணியில் முதல் வரி தைத்தபோது கறுப்பு எண்ணெய்ப் பொட்டுகள் விழுந்தன. இரண்டாவது வரியில் குறைந்தது. நான்காவதில் துணி சுத்தம். ராத்தா அதற்குப் பிறகும் இரண்டு வரி தைத்துப் பார்த்துவிட்டுத்தான் கடைக்காரருடைய விரிப்பை எடுத்து மெசினில் வைத்தார். அப்போது அசர் பாங்கு சொன்னது. மிச்சம் மூன்று விரிப்பு, இரண்டு நாள்.

அடுத்த மாதம் ஊசி இலக்கங்கள் பற்றி எழுதுகிறேன். பஞ்சு விரிப்புக்கு எந்த ஊசி, ஏன் முறிகிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். முறிந்த ஊசிகளை வீசாமல் ஒரு போத்தல் மூடியில் சேர்த்து வையுங்கள், எந்த இடத்தில் முறிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.